முதல் வினா பிறந்த ஊரைத் தேடி: பல்கேரியா பயணக் குறிப்புகள்

சனி, சோஃபியா

சோஃபியா வந்து சேர்ந்துவிட்டோம். நானும் என் அக்கா மகளும். அவள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளி மாணவர்களுக்கான புரோகிராமிங் போட்டிகளுக்குத் தயாராகிறாள், சொல்லிக்கொடுப்பது நான். விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேச்சு எழுந்தபோது வீட்டில் ஆளாளுக்குப் பாரிஸ், ரோம் என்றார்கள். நான்தான் பிடிவாதமாகப் பல்கேரியா என்றேன், அவளும் உடனே என் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

காரணம் இதுதான். ஐ.ஓ.ஐ. என்று சுருக்கமாகச் சொல்கிற சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாட் பிறந்தது இந்த நாட்டில். உலகம் முழுக்க ஒவ்வொரு நாடும் தன்னுடைய சிறந்த நான்கு பள்ளி மாணவர்களை அனுப்பி வைக்கிற போட்டி அது. 1987 அக்டோபரில் பாரிஸில் நடந்த யுனெஸ்கோ பொது மாநாட்டில் பல்கேரியக் கணிதப் பேராசிரியர் பிளகோவெஸ்ட் செண்டோவ் எழுந்து, கணிதத்துக்கு இருப்பதுபோலத் தகவலியலுக்கும் மாணவர் ஒலிம்பியாட் வேண்டும் என்று முன்மொழிந்தார். கணித ஒலிம்பியாட் அப்போதே மிகப் பழையது, 1959இல் ருமேனியாவில் தொடங்கியது. ஆனால் 1987இல் எத்தனை பள்ளிகளில் கணினி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில், கணினியை வைத்துச் சிந்திப்பதும் பிள்ளைகளுக்கான ஒரு துறை, அதற்கும் ஒரு மேடை வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டதோடு நிற்கவில்லை, இரண்டே ஆண்டுகளில், 1989 மே மாதம், பிராவெட்ஸ் என்ற சிறிய ஊரில் 13 நாடுகளோடு முதல் போட்டி நடந்துவிட்டது. செண்டோவ் 2020இல் காலமானார்.

இந்த நாட்டுக்குக் கணினியோடு இன்னொரு உறவும் உண்டு. அமெரிக்காவின் அயோவாவில், கிளிஃபர்ட் பெர்ரி என்ற மாணவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு மின்னணுக் கணினி ஒன்றைக் கட்டிய ஜான் அட்டனசாஃப்பின் அப்பா பல்கேரியர். அதற்குப் பின் வந்த எனியாக் என்ற புகழ்பெற்ற கணினிக்கான காப்புரிமை செல்லாது, அதன் அடிப்படைக் கருத்துகள் அட்டனசாஃப்பிடமிருந்து வந்தவை என்று 1973இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அவருக்கு இந்த நகரத்தில் சிலை இருக்கிறது. ஷூமென் நகரில் ஆண்டுதோறும் நடக்கிற மாணவர் இலையுதிர்காலப் போட்டிக்கும் அவர் பெயர்தான். கணினிப் பொறியாளர் ஒருவருக்குச் சிலை வைத்து, பள்ளிப் பிள்ளைகளின் போட்டிக்கும் அவர் பெயரை வைக்கிற நாட்டுக்கு வந்திருக்கிறோம் என்பதே எனக்கு நிறைவாக இருக்கிறது.

பயணக் களைப்பு. மீதி நாளைக்கு.

ஞாயிறு, சோஃபியா

காலையிலிருந்து மழை. விட்டோஷா மலை மேகத்துக்குள் போய்விட்டது, எங்கும் போகவில்லை. அதனால் பிராவெட்ஸ் போவதற்கு முன் அந்த முதல் வினாவை அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

1989 போட்டியில் மொத்தமே ஒரு வினாதான். இப்போது ஐ.ஓ.ஐ.யில் இரண்டு போட்டி நாட்கள், நாளுக்கு ஐந்து மணி நேரம், பொதுவாக நாளுக்கு மூன்று வினாக்கள். அன்றைக்கு ஒரே நாள், ஒரே வினா. அதை இங்கே தமிழில் சொல்கிறேன், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் படித்துக் காட்டுங்கள்.

வரிசையாகப் பத்துப் பெட்டிகள். அடுத்தடுத்த இரண்டு பெட்டிகள் காலி. மீதி எட்டில் நான்கில் ‘அ’, நான்கில் ‘ப’ ஏதோ ஒரு ஒழுங்கில் கிடக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற எந்த இரண்டு எழுத்துகளையும் எடுத்து, அவற்றின் முன்பின் மாறாமல், காலியாக இருக்கும் இரண்டு பெட்டிகளில் வைக்கலாம். அப்போது எடுத்த இடம் காலியாகிவிடும். இப்படியே நகர்த்தி நகர்த்தி, எல்லா ‘அ’வும் எல்லா ‘ப’வுக்கும் இடப்பக்கம் வந்துவிட வேண்டும். காலிப் பெட்டிகள் எங்கே இருந்தாலும் பரவாயில்லை. ஏதோ ஒரு வழியைக் கண்டுபிடித்தால் போதாது, குறைந்த நகர்த்தல்களில் முடிக்கிற வழியையும் கண்டுபிடிக்கிற நிரல் எழுத வேண்டும்.

மூல வினாவில் ஆங்கில எழுத்துகள், பெட்டிகளின் எண்ணிக்கையும் மாறலாம், பத்து என்பது உச்ச அளவு. மற்றபடி இவ்வளவுதான்.

"லேப்டாப் எடுக்கட்டுமா சித்தி?" என்றாள். வேண்டாம், பேப்பரைக் கிழி என்றேன். எட்டுத் துண்டுச் சீட்டுகள் செய்து கட்டில் மேல் வரிசையாக வைத்தோம். நாங்கள் எடுத்துக்கொண்ட தொடக்க வரிசை இது:

அ ப ப அ _ _ அ ப அ ப

கொஞ்ச நேரம் சும்மா இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்தாள். அப்புறம் நகர்த்துவதை நிறுத்திவிட்டு வெறுமனே பார்க்க ஆரம்பித்தாள். அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், கை நின்று கண் வேலை செய்கிற இடம். பிறகு செய்தது இது:

அ ப ப அ அ ப _ _ அ ப
அ _ _ அ அ ப ப ப அ ப
அ அ அ _ _ ப ப ப அ ப
அ அ அ அ ப ப ப ப _ _

நான்கு நகர்த்தல். முகம் மலர்ந்துவிட்டது. "நான்குதான் குறைவு என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். பதில் இல்லை. சீட்டுகளை ஒரு உறையில் போட்டு வைத்துக்கொண்டாள், நாளைக்குப் பேருந்தில் பார்ப்பாளாம்.

திங்கள், பிராவெட்ஸ்

சோஃபியாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். ஹேமுஸ் நெடுஞ்சாலை மலைக்குள் ஏறி, விட்டின்யா சுரங்கப்பாதையைத் தாண்டி இறங்குகிறது, இருபக்கமும் காடு. பேருந்திலிருந்து இறங்கியதும் முதலில் தோன்றியது, இவ்வளவு சின்ன ஊரா என்பதுதான். ஒரு நடையில் முடிந்துவிடுகிற ஊர், ஓரத்தில் ஏரி, சுற்றிலும் பால்கன் மலைத்தொடரின் அடிவாரக் குன்றுகள்.

இந்த ஊரில் ஏன் கணினி என்று கேட்டால், பல்கேரியாவை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட தோதோர் ஷிவ்கோவ் பிறந்த ஊர் இது. சோஷலிச நாடுகள் தங்களுக்குள் தொழில்களைப் பிரித்துக்கொண்டபோது கணினி, மின்னணுவியலில் பெரும்பங்கு பல்கேரியாவுக்கு வந்தது, அதில் ஒரு தொழிற்சாலை தலைவரின் ஊருக்கு வந்தது. இங்கே செய்த கணினிக்கு ஊர்ப் பெயரையே வைத்தார்கள். பிராவெட்ஸ்-82 ஆப்பிள்-2 கணினியின் வழியில் செய்தது, பிராவெட்ஸ்-16 ஐ.பி.எம். பி.சி. வழியில் செய்தது. நகல்தானே என்று சிலர் தள்ளிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நகல்கள் பள்ளிகளுக்குள் போயின, ஒரு தலைமுறை அவற்றில் விரல் வைத்துப் பழகியது, அந்தத் தலைமுறை இருந்ததால்தான் போட்டி நடத்துகிற துணிவு இந்த நாட்டுக்கு வந்தது என்று நினைக்கிறேன்.

1989 மே 16 முதல் 19 வரை இங்கேதான் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஷிவ்கோவ் பதவியிலிருந்து இறக்கப்பட்டார், கிழக்கு ஐரோப்பா முழுவதும் தலைகீழானது. போட்டி மட்டும் நிற்கவில்லை, அடுத்த ஆண்டு மின்ஸ்க், அதற்கடுத்து ஏதென்ஸ் என்று போய்க்கொண்டே இருந்தது. ஆட்சிகள் விழுந்த ஆண்டில் பிறந்த ஒரு மாணவர் போட்டி இன்றுவரை ஆண்டு தவறாமல் நடக்கிறது.

ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சீட்டுகளை எடுத்தோம். காற்றுக்குக் கூழாங்கற்களை மேலே வைத்துக்கொண்டாள். நேற்றைய கேள்வி அப்படியே நிற்கிறது: நான்குதான் குறைவா?

எல்லா நிலைகளையும் எண்ண முடியுமா என்று கேட்டேன். காலி இடம் ஒன்பது இடங்களில் இருக்கலாம். எட்டு இடங்களில் நான்கு ‘அ’வை வைக்க 70 வழி. ஒன்பதை எழுபதால் பெருக்கினால் 630. அவ்வளவுதான் இந்த விளையாட்டின் மொத்த உலகமும். ஒரு நிலைக்குப் பத்து எழுத்து என்று அப்படியே எழுதி வைத்தாலும் 6300 எழுத்துகள், பிராவெட்ஸ்-82இன் 48 கிலோபைட் நினைவகத்தில் ஒரு மூலையில் அடங்கிவிடும். தொடக்க நிலையிலிருந்து ஒரு நகர்த்தலில் போகக்கூடிய எல்லா நிலைகளும், அங்கிருந்து இன்னொரு நகர்த்தலில் போகக்கூடியவை எல்லாம் என்று அலை அலையாக விரித்துக்கொண்டே போனால், இலக்கை முதலில் தொடும் அலையின் எண்தான் விடை. பி.எஃப்.எஸ். (அகலவழித் தேடல்) என்று இவள் எத்தனையோ தடவை நிரல் எழுதிய அதே முறைதான், ஆனால் பெயரைச் சொல்லாமல் அதன் தேவையை அவளே தொட்டது இன்றைக்குத்தான். 630 என்ற எண்ணைப் பார்த்ததும் அவள் கண் விரிந்ததைப் பார்த்தேன்.

சரி, கையால் 630 பார்க்க முடியாது. முதல் அலை எவ்வளவு? ஆறே ஆறு வரிசைகள். ஆறையும் நோட்டில் எழுதினாள். இந்த ஆறில் எதையாவது ஒரே நகர்த்தலில் முடிக்க முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்த்தாள், முடியாது. ஆக இரண்டில் முடியாது என்பது உறுதி. மூன்றில்? அங்கே அவள் தானாகவே ஒன்று செய்தாள், நான் சொல்லவில்லை. முடிவிலிருந்து பின்னோக்கி யோசித்தாள். கடைசி நகர்த்தலுக்கு முந்தைய வரிசை எப்படியெல்லாம் இருக்கலாம் என்று எழுதிப் பார்த்து, முன்னாலிருந்து வருகிற ஆறு வரிசைகளில் எது அவற்றில் ஒன்றை ஒரே நகர்த்தலில் தொடும் என்று தேடினாள். ரொம்ப நேரம் ஆனது. நான் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்தேன். வந்தபோது நோட்டில் இது இருந்தது:

அ ப ப அ ப அ அ _ _ ப
அ _ _ அ ப அ அ ப ப ப
அ அ அ அ ப _ _ ப ப ப

மூன்று! முதல் நகர்த்தலைப் பாருங்கள், ஒரு ‘ப’வை ‘அ’க்களுக்கு நடுவே கொண்டுவந்து வைக்கிறது, வரிசையைக் கெடுப்பதுபோல் இருக்கிறது, அதனால்தான் நேற்று அவள் கை அந்தப் பக்கமே போகவில்லை. கண்ணுக்கு நல்லதாகத் தெரிவதை மட்டும் செய்துகொண்டே போனால் நான்கில் நின்றுவிடுவோம், எல்லாவற்றையும் ஒழுங்காகத் தேடினால்தான் மூன்று கிடைக்கும். இதை நான் வகுப்பில் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பாள், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளிடம் இப்போது "எத்தனை வினா போட்டாய்?" என்றுதான் கேட்கிறோம். நூறு, முந்நூறு என்று கணக்கு ஏறுகிறது, அரை மணி நேரத்தில் வரவில்லை என்றால் விடையைத் திறந்து படித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். முதல் ஐ.ஓ.ஐ. வைத்ததே ஒரு வினாதான். ஒன்றோடு மட்டும் உட்காருவதற்கு அந்தப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தார்கள். இன்று மதியம் முழுவதும் ஒரே ஒரு வரிசையோடு இருந்தாளே, அதில் அவள் கற்றது ஒரு மாதப் பயிற்சிக்குச் சமம் என்று உறுதியாக நம்புகிறேன்.

செவ்வாய், ரயிலில்

சோஃபியா திரும்பி, பிளவ்டிவ் ரயில். மெதுவான ரயில், வெளியே சூரியகாந்தி வயல்கள்.

எதிர் இருக்கையில் ஒரு அம்மாவும் பையனும். சிறு மேசையில் சீட்டுகளைப் பார்த்ததும் பையன் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தான். அவனும் போட்டிகளுக்குப் போகிறவனாம். இந்த நாட்டுப் போட்டிகளில் வயதுவாரியாக ஐந்து பிரிவுகள் உண்டு, கடைசிப் பிரிவு நான்காம் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கு என்று நான் படித்திருந்தேன், அவன் அந்தக் கடைசிப் பிரிவில்தான் தொடங்கினானாம். பத்து வயதில்! அதில் வருகிற வினாக்கள் ஒரு எண்ணின் இலக்கங்களோடு விளையாடுவது மாதிரி எளிமையானவை, ஆனால் தன்னந்தனியாக உட்கார்ந்து, தானே எழுதி, தானே பிழை கண்டுபிடிக்க வேண்டும். அவன் அம்மா கணினித் துறையே இல்லை, ஒவ்வொரு போட்டிக்கும் வேறு வேறு ஊருக்கு மகனோடு ரயிலில் போய் வருகிறார், வெளியே காத்திருந்து அழைத்து வருகிறார். அவ்வளவுதான் தன் பங்கு என்று சிரித்தார். அது சின்னப் பங்கு இல்லை.

சிறியவர்களுக்கான ஐரோப்பிய இளையோர் தகவலியல் ஒலிம்பியாடும் 2017இல் சோஃபியாவில்தான் முதன்முதலில் நடந்தது. சென்னை மாநகரைவிடக் குறைவான மக்கள்தொகை கொண்ட நாடு இது. தொடர்ந்து பதக்கம் வாங்குகிறார்கள் என்றால் மாயம் ஒன்றும் இல்லை, பத்து வயதிலேயே பிள்ளைக்கு ஒரு வாசலைத் திறந்து வைக்கிறார்கள்.

புதன், பிளவ்டிவ்

அழகான ஊர். குன்றுகளின் மேல் பழைய நகரம், கடைத்தெருவுக்கு அடியிலேயே ரோமானியர் கால ஓட்டப்பந்தய அரங்கு, மேலிருந்து எட்டிப் பார்த்தால் கல்லிருக்கைகள் தெரிகின்றன. 2009இல் ஐ.ஓ.ஐ. இருபது ஆண்டுகள் கழித்துப் பல்கேரியாவுக்குத் திரும்பி வந்தது, அது இந்த ஊருக்குத்தான்.

அந்த ஆண்டு நாளுக்கு நான்கு வினாக்கள் வைத்தார்கள், மொத்தம் எட்டு. ஊர் வாசனை அதில் இருக்கிறது. ஒரு வினாவில் மெச்சோ என்ற கரடி தேனைத் தின்றுகொண்டிருக்கிறது, தேனீக்கள் பரவி வருகின்றன, வீட்டுக்கு ஓடத் தொடங்குவதற்கு முன் அதிகபட்சம் எவ்வளவு நேரம் தின்னலாம் என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்றில் பிளவ்டிவின் புகழ்பெற்ற சாக்லேட் தயாரிப்பாளர் ஒருவர் வருகிறார். இன்றைக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது அவரைத்தான்.

ஒரு பெரிய சாக்லேட் பலகை, அதிகபட்சம் 50க்கு 50 கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் சில உலர்திராட்சைகள். நேர்கோட்டில் வெட்டி வெட்டித் தனித்தனிக் கட்டங்களாக்க வேண்டும். ஒவ்வொரு தடவை ஒரு துண்டை வெட்டும்போதும் அந்தத் துண்டில் எத்தனை திராட்சை இருக்கிறதோ அத்தனை திராட்சையை உதவியாளருக்குக் கூலியாகத் தர வேண்டும். மொத்தக் கூலி குறைய எப்படி வெட்டுவது?

"முடிந்தவரை சமமாக வெட்டிக்கொண்டே போகலாம்" என்றாள் உடனே. யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். மறுக்கவில்லை, ஒரே வரிசையில் ஐந்து கட்டங்கள் மட்டும் வைத்துச் சோதித்துப் பார் என்று 15, 7, 6, 6, 5 என எழுதிக் கொடுத்தேன். மொத்தம் 39. சமமாக வெட்டினால் முதல் வெட்டு 22க்கும் 17க்கும் நடுவே. கூலி 39, பிறகு 22, பிறகு 17, கடைசியில் 11, ஆக 89. அதற்குப் பதிலாக முதலிலேயே 15ஐத் தனியாக வெட்டிவிட்டு மீதி 24ஐ 13, 11 என்று பிரித்தால் 39, 24, 13, 11, ஆக 87. சமமில்லாத வெட்டு ஜெயிக்கிறது.

அவள் ரொம்ப நேரம் இந்த இரண்டு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘சமமாக வெட்டு’ என்ற யோசனை பொய் என்று நிரூபிக்க ஐந்து எண் போதும் என்பது அவளைப் பிடித்துக்கொண்டது. தன் யோசனையைத் தானே உடைக்கிற எடுத்துக்காட்டைத் தேடுகிற பழக்கம் ஒன்று வந்துவிட்டால், இந்தப் போட்டிகளில் பாதித் தூரம் வந்தாயிற்று.

பிறகு சரியான வழி. எது நல்ல வெட்டு என்று ஊகிக்காதே, எல்லா வெட்டையும் பார். ஒவ்வொரு செவ்வகத் துண்டுக்கும் குறைந்த கூலி என்ன என்று ஒரு தடவை கணக்கிட்டுக் குறித்து வைத்துக்கொண்டால் திரும்பக் கணக்கிட வேண்டாம். 50க்கு 50 பலகைக்குள் எத்தனை செவ்வகங்கள்? ஒரு திசையில் 1275, மறு திசையில் 1275, பெருக்கினால் 16,25,625. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 98 வெட்டுகள். கணினிக்கு இது சுலபம். திராட்சைகளைக் கூட்டுவதற்கு மட்டும் முன்கூட்டியே மூலையிலிருந்து கூட்டுத்தொகைப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அதிலேயே நேரம் போய்விடும். இப்படிச் சிறு துண்டுகளின் விடையைக் குறித்து வைத்துக்கொண்டு பெரியதைக் கண்டுபிடிப்பதற்கு டைனமிக் புரோகிராமிங் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே மிரள்கிற பிள்ளைகளுக்கு இந்தச் சாக்லேட் வினாவைக் கொடுங்கள், மிரட்சி போய்விடும்.

இன்றைக்கும் லேப்டாப் திறக்கவில்லை. நாளைக்கு எழுதிக்கொள்கிறாளாம்.

வியாழன், பிளவ்டிவ்

காலையில் எழுந்ததும் எழுதிவிட்டாள். சிறியதாக, சுத்தமாக, முதல் ஓட்டத்திலேயே சரியாக வந்தது. காகிதத்தில் முடிந்துவிட்ட வேலை, தட்டச்சு மட்டும்தான் பாக்கி இருந்தது.

மாலையில் பழைய நகரத்தின் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். 2009இல் இந்த ஊரில் முதலிடம் பிடித்தவர் பெலாரஸைச் சேர்ந்த கென்னாடி கொரொட்கெவிச், அப்போது வயது 14. அவர் முதன்முதலில் ஐ.ஓ.ஐ.க்குப் போனது 2006இல், 11 வயதில், அப்போதே வெள்ளி. 2007 முதல் 2012 வரை ஆறு தங்கம். இதைக் கேட்டதும் அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. "எனக்கு இப்பவே பதினாறு சித்தி."

இந்தச் சுருக்கம் எனக்குக் கவலை தருகிற விஷயம். அபூர்வமான ஒருவரை அளவுகோலாக வைத்து மற்ற எல்லாரையும் அளந்தால், போட்டி யாருக்காக இருக்கிறதோ அவர்களே ஓடிப்போய்விடுவார்கள். ஐ.ஓ.ஐ. விதிகளே அப்படி இல்லை. பங்கேற்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பதக்கம் உண்டு, தங்கம், வெள்ளி, வெண்கலம் ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில். வினாக்கள் இப்போது சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன, முழு விடை தெரியாவிட்டாலும் எளிய நிலைக்கு எழுதினால் அதற்கு மதிப்பெண் உண்டு. ஐந்து மணி நேரத்தில் கடைசி அரை மணியில்கூட ஒரு சின்னப் பகுதியைப் பிடித்துப் பதக்கம் வாங்கியவர்கள் உண்டு. ஜூலை 1 அன்று 20 வயது தாண்டாத, பள்ளியில் படிக்கிற யாரும் அந்த ஆண்டு எழுதலாம். பதினாறு தாமதமே இல்லை என்று அவளிடம் சொன்னேன், இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்.

பெண் பிள்ளைகள் குறைவு என்பதும் உண்மை, அதை மறைக்க வேண்டாம். அதற்காகவே ஐரோப்பாவில் மாணவிகளுக்கென்று தனி ஒலிம்பியாட் 2021இல் சூரிக்கில் தொடங்கினார்கள். தனியாக எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில், அறைக்குள் நுழைந்ததும் தன்னைப்போல் இன்னும் பலர் இருப்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு வினாவைத் தவிர வேறு கவலை இருக்காது என்பதே.

ஐ.ஓ.ஐ.யில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. போட்டிக்கு முந்தின மாலைதான் அணித் தலைவர்கள் வினாக்களைப் பார்க்கிறார்கள். கூடி விவாதிக்கிறார்கள், பிறகு இரவோடு இரவாக உட்கார்ந்து அவரவர் மாணவர்களின் மொழியில் மொழிபெயர்க்கிறார்கள். அந்த நேரத்தில் மாணவர்களோடு எந்தத் தொடர்பும் கூடாது. விடியும்போது ஒரே வினா பல மொழிகளில் தயாராக இருக்கும், மாணவர் தன் மொழியிலேயே வினாவைப் படிக்கலாம். வினா சோதிப்பது சிந்தனையை, ஆங்கிலத்தை இல்லை என்பதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். பெட்டி வினாவையும் சாக்லேட் வினாவையும் நான் இங்கே சில வரிகளில் தமிழில் சொல்லிவிட்டேன், எதுவும் குறைந்துபோகவில்லை. தமிழ்வழியில் படிக்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளை இதை ஏன் யோசிக்கக் கூடாது? நம் பள்ளிகளில் கோடிங் என்றால் ஆங்கிலம் வேண்டும், விலையுயர்ந்த லேப்டாப் வேண்டும், கட்டண வகுப்பு வேண்டும் என்று ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது, அதை மாற்ற ஆசிரியர்கள் கையில் ஒரு தாள் போதும்.

வெள்ளி, சோஃபியா

திரும்பி வந்தாயிற்று. நாளைக்கு விமானம். குறிப்புகளைப் படித்த சிலர் இந்தியாவில் எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தார்கள்.

இந்தியா 2002 முதல் ஐ.ஓ.ஐ.க்கு அணி அனுப்புகிறது. ஐ.ஏ.ஆர்.சி.எஸ். என்ற கணினி அறிவியல் ஆய்வாளர்கள் சங்கம் இதை நடத்துகிறது. மண்டலச் சுற்றான இசட்.ஐ.ஓ. வினாத்தாள்களைத் தேடி எடுங்கள். பழைய தாள்கள் அவர்கள் தளத்தில் இருக்கின்றன. அது எழுத்துத் தேர்வாக வடிவமைக்கப்பட்டது, கணினி வேண்டாம், புரோகிராமிங் மொழி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். ஒரு நிலைமையைச் சொல்லி, சின்ன எண்களைக் கொடுத்து, விடையைக் கையால் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஊகித்தால் கிடைக்காது, எல்லாம் எண்ணினால் நேரம் போதாது, முறை ஒன்றைக் கண்டுபிடித்தால்தான் வரும். சி++ போன்ற புரோகிராமிங் மொழிகளைப் பிறகு கற்றுக்கொள்ளலாம், அது சில மாத வேலை. கணினி அறை இல்லாத பள்ளியில்கூட நாளைக்கே தொடங்கலாம் என்பதால்தான் திரும்பத் திரும்ப இதைச் சொல்கிறேன்.

இரவு பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் சீட்டுகளைத் தரையில் பரப்பி எனக்கு ஒரு வரிசை கொடுத்தாள். இவளே யோசித்தது:

ப ப ப ப _ _ அ அ அ அ

நான்கு நகர்த்தலில் முடியும் என்றாள். மூன்றில் முடியாதா என்று கேட்டேன், இந்தத் தடவை எதையும் எண்ணிப் பார்க்காமலே பதில் வந்தது. "முடிவில் நான்கு ‘அ’வும் முதல் ஆறு பெட்டிக்குள் இருக்கணும் சித்தி, ‘ப’ எல்லாம் ஐந்தாவது பெட்டிக்கு அப்புறம்தான் இருக்க முடியும். இப்போ ‘ப’ எல்லாம் முதல் நான்கில், ‘அ’ எல்லாம் கடைசி நான்கில். அப்போ எட்டு எழுத்தும் ஒரு தடவையாவது நகர்ந்தே ஆகணும். ஒரு தடவைக்கு இரண்டுதான் நகரும்."

630 நிலைகளில் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. இதை விடவும் நல்ல நிரூபணம் எனக்குத் தெரியாது. அந்த நான்கு நகர்த்தல்கள் எவை என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எட்டுச் சீட்டு கிழித்து, வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, எவ்வளவு நேரம் ஆனாலும் விடையைச் சொல்லாமல் இருங்கள்.